சிவப்புக் காய் கேட்டவன்

எங்கள் வீட்டு வாசற்படியிலிருந்து டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி வைக்க வேண்டும். முழங்கால் வலிக்கும் நாளில் அடி சிறுத்து, எண்ணிக்கை நானூற்று நாற்பதைத் தொட்டுவிடும். எனவே போய்ச் சேர்வதற்குள்ளாகவே அன்றைக்கு என் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிடும். அந்த எண்ணை டாக்டரம்மாவிடம் தவறாமல் சொல்வேன். அவரும் தவறாமல் அதைக் காதில் வாங்காமல் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொள்வார்.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நாளெல்லாம் வரிசையில் நிற்கும் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற தெரு எங்களுடையது. தெருவின் நடுவில் ஒரு பழைய வீட்டின் முன்னறைதான் கிளினிக். உள்ளே ஒரு மேசை, படுக்க வைத்துப் பார்க்க ஒரு கட்டில், ஒரு துணித் திரை, திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் நான்கு பேர் உட்காரலாம். எல்லாரும் ஒல்லியாக இருந்தால் ஐந்து. மற்றவர்கள் தெருவில் காத்திருப்பார்கள். எப்படிக் காத்திருப்பார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

கிளினிக்கை ஒட்டி ஒரு கேரம் கிளப் இருக்கிறது. முன்பெல்லாம் கிளினிக்கில் காகிதத் துண்டில் எண் எழுதித் தருவார்கள். காகிதம் மழையில் நனையும், குழந்தையின் வாய்க்குள் போகும், ஒரே எண் இரண்டு பேர் கையில் இருக்கும், சண்டை வரும். அந்தச் சத்தத்தில் குறி தப்புகிறது என்று கிளப்காரர்கள் ஒருநாள் விளிம்பு தேய்ந்துபோன ஒரு செட் காய்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். வெள்ளை ஒன்பது, கருப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, ஆகப் பத்தொன்பது. வெள்ளை பெண்களுக்கு, கருப்பு ஆண்களுக்கு. ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் எண் எழுதியிருக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு காய். காயை வாங்கிக்கொண்டு டீக்கடையில் உட்காரலாம், இஸ்திரி வண்டியின் நிழலில் நிற்கலாம், கிளப்பில் ஆட்டம் பார்க்கலாம், எதிர்வீட்டுக்காரிக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தபடி ஊர்க்கதை பேசலாம். மருந்து எடுத்துக் கொடுக்கிற கம்பவுண்டரம்மா வாசலில் நின்று "வெள்ள நாலு!" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலை டீக்கடை வாங்கி இஸ்திரி வண்டிக்குக் கொடுக்கும், இஸ்திரி வண்டி கிளப்புக்குக் கொடுக்கும். வெள்ளை நான்கு எங்கே இருந்தாலும் வந்து சேர்ந்துவிடும். காய் திரும்பியதும் அடுத்து வந்தவருக்குப் போகும்.

சிவப்புக் காய்க்கு வரிசை கிடையாது. அது கையில் இருந்தால் நேரே உள்ளே போகலாம். யாருக்கு அது என்பதைத் தீர்மானிப்பது கம்பவுண்டரம்மா மட்டும்தான். அதற்கு விதி எதுவும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் சிவப்பு போகும்போது யாரும் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை.

அந்தக் காயை நான் பதினான்கு முறை கேட்டிருக்கிறேன். பதினான்கு முறையும் கிடைக்கவில்லை. கம்பவுண்டரம்மாவோடு பேச்சு இப்படித்தான் போகும்:

"இன்னா நைனா, இன்னிக்கு இன்னா நோவு?"

"நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா. அந்த ரெட் காயைக் குடுத்துடு."

"வூட்லேர்ந்து அடி எண்ணிக்கினு வந்தியா?"

"வந்தேன்."

"எத்தினி?"

"நானூத்திப் பதினாறு."

"எண்ணுறதுக்கு மூச்சு கீதில்ல? நெஞ்சு நல்லாத்தான் கீது. இந்தா, கருப்பு ஏழு. போய் டீ குடி."

எண்ணுவது என் தொழில். முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் ஒன்றுவிடாமல் எண்ணிக் குறிப்பதுதான் வேலை. நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரைத் தரப்பில் நான் எண்ணுவேன். அவருக்கு ஒன்று கூடினால் லாபம், எனக்கு ஒன்று குறைந்தால் நஷ்டம். இரண்டு பேருமே கண்ணை இமைக்க மாட்டோம். சாயங்காலம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண் ஒன்றாக இருக்கும். அதற்குப் பிறகு நிழலில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து இரண்டிலும் கையெழுத்துப் போடுவார். அவர் எதையும் எண்ணியிருக்க மாட்டார். ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டைகூட வெளியே போகாது.

அரசாங்கத்தைப் பற்றி எனக்கு இருக்கிற கருத்து முழுவதும் அந்த மூன்றாவது ஆளைப் பார்த்து வந்தது. ஒரு காரியத்தில் உண்மையாகவே சம்பந்தப்பட்ட இரண்டு பேர் தங்கள் தங்கள் நலனைக் கண் திறந்து பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் அது ஒழுங்காகவே நடக்கும். மூன்றாவதாக வருகிறவர்தான், தான் எதற்கு என்று நிரூபிக்க வேண்டும். வைத்தியத்திலும் அப்படியே. வலி என்னுடையது, படிப்பு டாக்டரம்மாவுடையது. நான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் என்னை, வேறு வழியில்லாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றுக்கொண்டார். இதற்கு நடுவே ஒரு படிவம் எதற்கு?

ஒருநாள் செய்தித்தாளில் மருத்துவச் சீர்திருத்தம் என்று கால் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அறைக் கிளினிக் வரை எல்லாவற்றுக்கும் பதிவு, எல்லாவற்றுக்கும் அளவு, எல்லாவற்றுக்கும் ஆய்வு. மூன்று முறை படித்தேன். இருநூறு படுக்கைக்காரன் இந்த விதிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துவிடுவான். ஓர் அறைக்காரர் என்ன செய்வார்? கதவைச் சாத்துவார். பிறகு எங்கள் தெரு அந்த இருநூறு படுக்கைக்காரனிடம்தான் போய் நிற்க வேண்டும். எளியவர்களைக் காப்பாற்றப் போட்ட விதி, எளியவர்களுக்கு இருந்த ஒரு வழியை அடைத்துவிட்டுப் போகும். இதைச் சத்தமாகவே சொன்னேன்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏங்க, என் பித்தப்பைல கல்லு எடுத்தது எந்த ஆஸ்பத்திரி?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரி."

"நல்லாப் பாத்தாங்களா?"

"நல்லாத்தான் பாத்தாங்க. நான் அந்தக் கதவை மூடச் சொல்லலையே. இந்தக் கதவையும் திறந்து வைங்கன்னுதானே சொல்றேன்?"

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? சொல்ற எடத்துல சொல்லுங்க" என்றாள். அவள் பேச்சை முடிப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னாள். நான் அதை யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து பதினொரு நாள் டீக்கடையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கிளினிக் வாசல் நேரே தெரியும். கையில் நோட்டு, பென்சில். நிலைப்படியைத் தாண்டி உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. டீக்கடை பாய்க்கு மூன்றாம் நாளே பொறுக்கவில்லை.

"இன்னா டேலி சாரே, யார் வந்தா யார் போனான்னு எழுதிக்கினு கீற? போலீசுல சேந்துட்டியா?"

"ஒரு நல்ல காரியத்துக்கு பாய்."

"நல்ல காரியத்துக்கு வந்தவன் காலைலேர்ந்து ஒரு டீயோட குந்திக்கினு கீறானே."

பதினொரு நாள் கணக்கைக் கூட்டி வகுத்ததில் ஒரு நாளைக்கு அறுபத்துமூன்று என்று வந்தது. அதை வைத்து ஐந்து பக்கம் எழுதினேன். சராசரியாக எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்கள், எங்கெங்கே காத்திருக்கிறார்கள் என்றெல்லாம் பட்டியல் போட்டேன். கடைசிப் பத்தி எனக்கே பிடித்திருந்தது: 'நூற்றுப் பன்னிரண்டு சதுர அடி உள்ள ஓர் அறையில், அரசாங்கத்தின் உதவி எதுவும் இன்றி, நாள் ஒன்றுக்கு அறுபத்துமூன்று பேருக்கு வைத்தியம் நடக்கிறது. எனவே தங்கள் சீர்திருத்தம் இங்கே தேவைப்படவில்லை.' கிளினிக்கின் முகவரியைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டேன். என் முகவரியை எழுத மறந்துவிட்டேன். பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்து சட்டையைக் கழற்றும்போது என் மனைவி கேட்டாள்:

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தானே போட்டீங்க?"

"எதுக்கு? அவங்களைப் பத்தி நல்லதுதானே எழுதியிருக்கேன்?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் விட்ட சந்தர்ப்பங்கள் ஒரு கையால் எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஏழாவது வாரம் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் ஒரு நோட்டீஸ். அதற்குப் பின்னால், குண்டூசியால் குத்தி, என் கடிதத்தின் மூன்றாம் பக்கத்து நகல். நாலு கோடும் குறுக்குக் கோடுமாக என் கைப்பழக்கம் அப்படியே அதில் இருந்தது.

"கையெழுத்து அழகா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "இந்தத் தெருவுல இப்படிக் கோடு போடுறவர் ஒருத்தர்தான்."

நான் படித்தேன். கிடைத்த தகவலின்படி இங்கே நாளொன்றுக்கு அறுபத்துமூன்று நோயாளிகள் வருவதாகத் தெரிகிறது, அத்தனை பேருக்கு ஏற்ற காத்திருப்புக் கூடம் இல்லை, ஊசிக் கழிவுக்குத் தனித் தொட்டி இல்லை, தீயணைப்பான் இல்லை, கட்டணப் பலகை இல்லை. முப்பது நாளில் சரிசெய்யாவிட்டால் பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் நடத்தவும் கூடாது.

"நான் உங்களைப் பாராட்டித்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுது. பாராட்டைப் படிச்சுட்டுத்தான் வராங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அறுபத்தொன்பது வயசாகுது. பெரிய இடம் பார்த்து வாடகைக்குப் பிடிக்கிற வயசு இல்ல. பொண்ணு ரொம்ப நாளாக் கூப்பிடறா. முப்பது நாள் முடிஞ்சதும் கிளம்பறேன். உங்க பிரஷர் மாத்திரைக்கு மூணு மாசத்துக்கு எழுதித் தந்துடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மருந்துச் சீட்டை எழுதவே ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது அடியை எண்ண மறந்துபோனேன். அது அதற்கு முன் நடந்ததில்லை.

வழியெல்லாம் ஒரே நினைப்புதான். வைத்தியம் என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயம், நடுவில் மூன்றாவது ஆள் எதற்கு என்று ஐந்து பக்கம் எழுதியவன், அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் கேட்காமலே அவர் வாசலில் உட்கார்ந்து எண்ணி, யாரோ ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது ஆள் நான்தான். துறைமுகத்தில் இருந்தவராவது நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

செய்தி டீக்கடைக்கு எனக்கு முன்பே போயிருந்தது. டீ வாங்கப் போனால் பாய் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "சாருக்கு இன்னிக்கு டீ கெடையாது. போஸ்டாபீசுல குடிச்சுக்கச் சொல்லு" என்று இஸ்திரிக்காரரிடம் சொன்னார். கம்பவுண்டரம்மா நேராகவே வந்தார்.

"இன்னா நைனா, இந்த வேலை பாத்துக்கினு கீற? டாக்டரம்மா வாயில மண்ணு, என் வாயிலயும் மண்ணு. உனக்கு நான் ரெட்டு குடுக்கலன்னு காண்டா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்போ சரி பண்ணு. நீதானே படிச்ச ஆளு."

சரி பண்ண உட்கார்ந்தேன். முப்பது நாள் வரைக்கும் செய்து பாருங்கள் என்று டாக்டரம்மாவும் விட்டுவிட்டார். தீயணைப்பானை இஸ்திரிக்காரரின் மைத்துனர் வேலை செய்யும் பட்டறை மூலமாக வாங்கியாயிற்று. கழிவுத் தொட்டிக்கு, ஊசிகளை வாரம் ஒருமுறை வந்து எடுத்துப் போகிறவர்களிடம் எழுதி வாங்கியாயிற்று. கட்டணப் பலகையில் டாக்டரம்மா தன் கட்டணத்தை எழுதி, கீழே 'முடியாதவர்கள் சொல்லவும்' என்று ஒரு வரி சேர்த்தார். மிஞ்சியது காத்திருப்புக் கூடம் மட்டும்.

அதற்குத் துறைமுகம்தான் வழி காட்டியது. சரக்கு கப்பலுக்குள்ளேயா காத்திருக்கிறது? கரையில் ஷெட்டில் காத்திருக்கிறது. ஷெட் கப்பல்காரனுடையதாக இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. கிளினிக்கை ஒட்டி இருநூற்று நாற்பது சதுர அடியில் கேரம் கிளப் இருக்கும்போது புதிதாகக் கூடம் எதற்கு?

கிளப் தலைவர் பேசின் பிரிட்ஜ் பக்கம் பாய்லரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஸ்டிரைக்கரை விரலில் உருட்டிக்கொண்டேதான் பேசுவார்.

"பேஷன்ட்டுங்க இங்க குந்தறது பிரச்சன இல்ல மாமு. இப்பவும் குந்திக்கினுதானே கீறாங்க? பிரச்சன நீதான். ஆபீசர் வருவான், இது இன்னா கிளப்பு, பதிவு கீதா, மெம்பர் எத்தினி பேருன்னு கேப்பான். நீ உடனே பென்சிலை எடுப்ப."

"எடுக்க மாட்டேன்."

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து கீது இந்தக் கிளப்பு. ஒரு பேப்பர் கெடையாது. யாரும் யாரையும் ஏமாத்தல. இப்ப உன்னால நாங்களும் ஃபாரம் ரொப்பணுமா?"

அவர் பேசியது முழுக்க என் கட்சி. என் ஐந்து பக்கத்தை அவர் ஸ்டிரைக்கரை உருட்டிக்கொண்டே ஐந்து வரியில் சொல்லிவிட்டார். டாக்டரம்மா எழுதித் தந்த மூன்று மாதச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. கேரம் பலகையில் சிவப்புக் காயை நடுவில் வைத்து, அதன்மேல் என் கையை வைக்கச் சொன்னார்.

"இந்தத் தெருவப் பத்தி, கிளப்பப் பத்தி, டாக்டரம்மாவப் பத்தி, யாரும் வந்து கண்டுபுடிக்கிற மாதிரி இனிமே எழுத மாட்டேன். சொல்லு."

சொன்னேன். ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேரும் சாட்சி.

ஒப்புதல் கடிதத்தை நான் எழுதக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பாய் எழுதினார். நாலே வரி: கிளினிக்குக்கு வருகிறவர்கள் எங்கள் இடத்தில் உட்கார எங்களுக்குச் சம்மதம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கிளப், டீக்கடை, எதிர்வீடு, இஸ்திரி வண்டி, நான்கு கையெழுத்து. அதில் எண் எதுவும் இல்லை. நான் படித்த சமூக ஒப்பந்தங்களில் அதைவிடச் சிறந்ததைப் பார்த்ததில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஐம்பது வயதுக்காரர். காலை ஒன்பதரைக்கே சட்டை நனைந்திருந்தது. இரண்டு பஸ் மாறி வந்தாராம். தொட்டியைப் பார்த்தார், தீயணைப்பானைத் தூக்கிப் பார்த்தார், பலகையைப் படித்துச் சிரித்தார். அறையை அளக்க டேப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. என் பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். தெரு முழுவதும் என்னைப் பார்த்து முறைக்க, எடுத்துக் கொடுத்தேன்.

"நூற்று நாலு" என்றார்.

"திரைக்குப் பின்னால இருக்கிற மூலையை விட்டுட்டீங்க சார். நூற்றுப் பன்னிரண்டு."

கம்பவுண்டரம்மா என் காலை மிதித்தார்.

அதிகாரி கிளப்புக்குப் போனார். நான்கு பெண்களும் மூன்று ஆண்களும் காய்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் எழுந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். கிளப்புக்குப் பதிவு உண்டா என்று அதிகாரி கேட்கவே இல்லை. ஒப்புதல் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கிளினிக் வாசலுக்குத் திரும்பி வந்தார்.

"நல்ல ஏற்பாடுதான். ஆனா இருநூற்று நாற்பது அடி, முப்பது முப்பத்தைந்து பேர் வர்ற கிளினிக்குக்குத்தான் சரி. இங்க அறுபத்துமூணுன்னு கோப்புல இருக்கு. அதை வச்சுக்கிட்டு நான் கையெழுத்துப் போட முடியாது."

டாக்டரம்மா தலையசைத்தார். அவருக்கு இது தெரிந்ததுதான் என்பதுபோல உள்ளே போகத் திரும்பினார்.

அப்போதுதான் தெருமுனையிலிருந்து ஒரு கூச்சல். மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பன் ஓடி வந்தான். பின்னால் அம்மா, அம்மாவின் தங்கை, பக்கத்து வீட்டுக்காரி. குழந்தை மூக்குக்குள் கொண்டைக்கடலையைத் திணித்துக்கொண்டுவிட்டது. கம்பவுண்டரம்மா ஒரு பார்வை பார்த்தார். "ரெட்டு!" என்று கத்திக் காயை அப்பன் கையில் வைத்தார். "ரெட்டு, ரெட்டு, வழி வுடு" என்று தெரு முழுவதும் அந்தக் குரல் போயிற்று. நிலைப்படியில் நின்ற அதிகாரியை இஸ்திரிக்காரர் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தி வைத்தார். நான்கு பெரியவர்களும் குழந்தையும் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனார்கள்.

என் கை தன் பாட்டுக்குச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கையிலிருந்த செய்தித்தாளின் ஓரத்தில் கோடு போட்டது. நாலு நேராக, ஐந்தாவது குறுக்கே.

அதைப் பார்த்தேன். ஒரு காய். ஐந்து கோடு.

பதினொரு நாளும் நான் இதைத்தான் செய்திருக்கிறேன். துறைமுகத்தில் கப்பல் விளிம்பைத் தாண்டி வருகிற ஒவ்வொன்றும் ஒரு கோடு. அந்தப் பழக்கத்தில் நிலைப்படியைத் தாண்டிய ஒவ்வொரு தலையையும் குறித்திருக்கிறேன். எங்கள் பகுதியில் யார் டாக்டரிடம் தனியாகப் போகிறார்கள்? சளிக்குக்கூட இரண்டு பேர் துணைக்கு வருவார்கள். நோயாளியை எண்ண வேண்டியவன் கூட்டத்தை எண்ணிவிட்டேன். சரியான கணக்கு என் கண் முன்னாலேயே பத்தொன்பது காய்களாகத் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தது.

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட என் தாள் தப்பென்று யாரும் சொன்னதில்லை. இப்போது நானே சொன்னேன்.

"சார், அந்தக் கடிதம் எழுதினது நான். என் கணக்கு தப்பு."

அதிகாரி திரும்பினார். பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். நான் செய்தித்தாளை நீட்டி விளக்கினேன்.

"தப்புன்னு இப்ப சொல்றீங்க. அப்பவும் சரின்னுதானே எழுதினீங்க? எதை நான் நம்பறது?" என்றார். நியாயமான கேள்வி.

"என்னை நம்ப வேண்டாம். நீங்களே எண்ணுங்க. நானும் எண்ணறேன். ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்கக் கூடாது. கிளினிக் மூடற வரைக்கும்."

டாக்டரம்மாவுக்குக் காலை வேளை மட்டும்தான். ஆய்வு நடந்ததால் அந்தக் குழந்தைதான் அன்றைக்கு முதல் நோயாளி; ஒன்றரைக்கு மூடிவிடுவார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், பாயின் கடை நிழலைப் பார்த்தார். "சரி" என்றார். அவர் டீக்கடை பெஞ்சின் ஒரு முனையில், நான் மறு முனையில். திரும்பி வருகிற காய்க்கு ஒரு கோடு. நடுவில் பாய் எங்களுக்கு டீ வைத்தார். நாலு வாரத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் டீ. கொண்டைக்கடலை இடுக்கியில் வெளியே வந்து, தெருவில் நாலு பேரிடம் காட்டப்பட்டது. அதிகாரி தன் படிவத்தில் 'அவசர நோயாளிகளுக்கு முன்னுரிமை உண்டா' என்ற கேள்விக்கு நேராக 'உண்டு' என்று எழுதிவிட்டு, "எந்த முறையில்" என்ற கட்டத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில் 'சிவப்பு' என்று மட்டும் எழுதினார்.

ஒன்றரைக்கு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவருடையது முப்பத்தொன்று. என்னுடையது முப்பத்தொன்று.

கப்பல் தரப்பில் எதிரில் உட்காரும் ஆளிடம் எனக்கு இருந்த மரியாதை அந்த நிமிடம் அதிகாரிமேல் வந்தது. எனக்கு மூன்றாவது ஆளோடுதான் சண்டை. உட்கார்ந்து எண்ணுகிற இரண்டாவது ஆளோடு எப்போதும் சண்டை இல்லை. அவர் பழைய பக்கத்தின் மேல் கோடு போட்டு, புது எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டார். "இனிமே கடிதம் எழுதினா உங்க முகவரியையும் போடுங்க" என்று சொல்லிவிட்டுத் திருவொற்றியூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

நெஞ்சு உண்மையாகவே படபடத்தது. வாசலில் போய் நின்றேன். கம்பவுண்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் எதையும் கேட்கவில்லை. சிவப்புக் காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். போ உள்ள."

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். சாதாரணமாகத்தான் இருந்தது. "ஒண்ணுமில்ல" என்றார். பிறகு முன்பு எழுதித் தந்த மூன்று மாதச் சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் எழுதினார். "அடுத்த மாசம் வாங்க."

பதிவுச் சான்றிதழ் இப்போது திரைக்கு மேலே தொங்குகிறது. கழிவுத் தொட்டி நல்ல ஏற்பாடு. அது முன்பே இருந்திருக்க வேண்டும் என்று கம்பவுண்டரம்மா சொல்கிறார், நானும் மறுக்கவில்லை. ஆனாலும் என் கட்சி மாறவில்லை. காத்திருப்பதைச் சதுர அடியில் அளக்கிற விதிக்கு, காத்திருக்கத் தெரிந்த ஒரு தெருவைப் பார்க்கக் கண் இல்லை. அன்றைக்கு வந்தவருக்கு இருந்தது. அடுத்த முறை யார் வருவாரோ? அதை நினைத்து இப்போதிருந்தே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

கையைக் காய்மேல் வைத்துச் சொன்ன வார்த்தை ஒன்று இருக்கிறது. அதனால்தான் இதில் ஒருவர் பெயரும் இல்லை, தெருவின் பெயரும் இல்லை. அது மட்டும் போதாது என்று கிளப் தலைவர் சொன்னார். எனவே வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு காரியம் செய்திருக்கிறேன். மேலே நான் கொடுத்திருக்கிற அடி, சதுர அடி, நாள், வாரம், ஆட்கள் எல்லாவற்றிலும் ஆங்காங்கே ஒன்றிரண்டைக் கூட்டியும் குறைத்தும் வைத்திருக்கிறேன். எழுதும்போது விரல் கூசியது.

ஒரு கணக்கை மட்டும் தொடவில்லை. சிவப்புக் காயைப் பதினான்கு முறை கேட்டேன். கேட்காத ஒரு முறை கிடைத்தது.